ஆஸ்பத்திரி வார்த்தையைத் தட்டிப் பிரிப்போம்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் வங்கிப் பாஸ்புத்தகத்தை எப்படிப் படிப்பது என்று பேசினோம். இந்த முறை ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொள்வோம் என்று நினைத்தோம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

குழுக்களின் தீர்மானப் புத்தகங்களைப் பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. உள்கடன் எதற்காகக் கொடுத்தோம் என்று எழுதுகிற இடத்தில் கறவை மாடு வாங்க, விதை வாங்க, மகனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட என்று தெளிவாக இருக்கும். மருத்துவச் செலவு என்று வந்தால் மட்டும் "ஆபரேஷன் செலவு" என்று ரெண்டே வார்த்தை. என்ன ஆபரேஷன் என்று ஊக்குநரைக் கேட்டால், "வயித்துல ஏதோ ஆபரேஷனாம்" என்பார். கடன் வாங்கிய உறுப்பினரைக் கேட்டாலும் அதே பதில்தான். மாடு வாங்கும்போது எத்தனை பல்லு, எத்தனையாவது ஈத்து, வேளைக்கு எத்தனை லிட்டர் என்று கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுப்போமா? நம்ம உடம்பில் கத்தி வைக்கிற காரியத்துக்குப் பெயர்கூடத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்.

ஏன் என்று கேட்டால், "அது இங்கிலீஷ்ல இம்மாம் நீளம் இருக்கும்மா, வாயில நுழையல" என்கிறார்கள். நீளம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வார்த்தைகளில் பெரும்பாலானவை இங்கிலீஷே கிடையாது. கிரேக்கம், லத்தீன் என்ற பழைய மொழிகளில் இருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டினவை. இங்கிலீஷ்காரருக்கே அது வாயில் நுழையாது. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளும் முதல் வருஷத்தில் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் மனப்பாடம் பண்ணுகிறார்கள். ஒட்டின வார்த்தையைப் பிரித்துவிடலாம். அதைத்தான் இன்றைக்குச் செய்யப் போகிறோம்.

கும்மி அடிக்கத் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்க. எல்லாருமே! அப்ப வேலை சுலபம். வார்த்தையைச் சொல்லிக்கொண்டே கையைத் தட்டணும். வாய் ஒரு தடவை திறந்து மூடினால் ஒரு தட்டு. டைபாய்டு: டை, பாய்டு, ரெண்டு தட்டு. இன்சுலின்: இன், சு, லின், மூணு. மலேரியா: ம, லே, ரி, யா, நாலு. பாருங்க, ஏற்கெனவே நாலு தட்டு வார்த்தையெல்லாம் நம்ம வாயில் நுழைந்துதான் இருக்கு.

இப்போ உங்களில் பாதிப்பேர் செய்துகொண்ட ஒன்று. கு.க. ஆபரேஷன். சீட்டில் அதற்கு டியூபெக்டமி என்று எழுதியிருப்பார்கள். டியூ, பெக், ட, மி. நாலு தட்டு. அடுத்தது கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷன். ஹிஸ்டரெக்டமி. ஹிஸ், ட, ரெக், ட, மி. அஞ்சு தட்டு. மறுபடியும் சொல்லிப் பாருங்க. ரெண்டு வார்த்தைக்கும் வால் ஒண்ணுதான் என்று காதில் விழுதா?

அந்த வால் "எக்டமி". வெட்டி எடுத்துவிடுவது என்று அதற்கு அர்த்தம். முன்னால் இருக்கிற தலைதான் எதை எடுப்பது என்று சொல்லும். டியூப் என்றால் குழாய், டியூப் லைட்டில் வருகிற அதே டியூப்தான். இங்கே கருக்குழாய். ஹிஸ்டர் என்றால் கர்ப்பப்பை.

"எக்டமி என்கிறீங்க, எங்க காதுல ரெக்டமி என்று இல்ல விழுது?" என்று ஒரு குழுவில் ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. பால் என்ற வார்த்தையும் ஆடை என்ற வார்த்தையும் சேர்ந்தால் எப்படிச் சொல்கிறோம்? பாலாடை. தட்டிப் பாருங்க: பா, லா, டை. பாலின் 'ல்' போய் ஆடையின் 'ஆ'வோடு ஒட்டிக்கொண்டது. கேட்கும்போது 'லா' என்று கேட்கும், அர்த்தத்தைப் பிரிக்கும்போது பால், ஆடை என்று பிரிப்போம். ஹிஸ்டர், எக்டமி ரெண்டும் அப்படித்தான் ஒட்டி ஹிஸ்டரெக்டமி ஆனது. வாய்க்கு ஒரு பிரிப்பு, அர்த்தத்துக்கு ஒரு பிரிப்பு. இது தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

அடுத்தது அழுத்தம். நாம் தமிழில் எல்லா எழுத்தையும் ஏறக்குறைய சமமாகச் சொல்லுவோம். இங்கிலீஷில் அப்படி இல்லை. ஒரு தட்டை ஓங்கி அடிப்பார்கள், மற்றதை விழுங்கிவிடுவார்கள். டாக்டர் வேகமாகச் சொல்லும்போது நம் காதில் பாதி விழாமல் போவது அதனால்தான். நம் காதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஓங்கி அடிக்கிற அந்த ஒரு தட்டு எது என்று தெரிந்தால் போதும், அதை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். ஆபரேஷன் வார்த்தைகளில் பெரும்பாலும் அது கடைசியிலிருந்து மூணாவது தட்டு. ஹிஸ்டரெக்டமியில் எண்ணுங்க: மி ஒண்ணு, ட ரெண்டு, ரெக் மூணு. ஹிஸ்-ட-ரெக்-ட-மி. ரெக்கில் ஓங்கித் தட்டணும்.

இதையே இன்னும் ரெண்டு வார்த்தையில் போட்டுப் பார்ப்போம். லேப்பராஸ்கோபி: லேப், ப, ராஸ், க, பி. லேப்பராட்டமி: லேப், ப, ராட், ட, மி. இதுக்கும் அஞ்சு தட்டு, அதுக்கும் அஞ்சு தட்டு, ஹிஸ்டரெக்டமிக்கும் அஞ்சு தட்டு. ஆனால் ஓங்கி அடிக்கிற மூணாவது தட்டில் ராஸ், ராட், ரெக் என்று மூணும் மூணு விதம். ராஸ் வந்தால், அதாவது "ஆஸ்கோபி" வந்தால், குழாய்க் கருவி விட்டு உள்ளே பார்ப்பது. ராட் வந்தால், "ஆட்டமி", வெட்டித் திறப்பது. ரெக் வந்தால், "எக்டமி", வெட்டி எடுப்பது. பார்ப்பதா, திறப்பதா, எடுப்பதா என்பதெல்லாம் அந்த ஒரே ஒரு தட்டில் இருக்கிறது.

தலை மாறினாலும் வால் மாறாது. எண்டாஸ்கோபி, எண்-டாஸ்-க-பி: வாய் வழியாக வயிற்றுக்குள் பார்ப்பது. மாஸ்டெக்டமி, மாஸ்-டெக்-ட-மி: மார்பகத்தை எடுப்பது. கோலிசிஸ்டெக்டமி, கோ-லி-சிஸ்-டெக்-ட-மி: பித்தப்பையை எடுப்பது. ஆண்களுக்கும் ஒரு எக்டமி உண்டு, வாசெக்டமி. அது டியூபெக்டமியைவிடச் சின்ன ஆபரேஷன், செய்துகொண்டு அன்றைக்கே வீட்டுக்கு நடந்து வந்துவிடலாம். நம்ம ஊர்ப் பக்கம் அந்த வார்த்தையை யாரும் தட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை! (சிரிப்பு)

இதெல்லாம் வெறும் உச்சரிப்புப் பாடம் என்று நினைக்க வேண்டாம். டில்லியில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறோம். 1995-ல் 44 வயதுப் பெண் ஒருவர் அதிக உதிரப்போக்குக்காக ஒரு மருத்துவரிடம் போனார். கல்யாணம் ஆகாதவர். மயக்க மருந்து கொடுத்து உள்ளே பார்க்கணும் என்றார்கள். அவர் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தில் லேப்பராஸ்கோபி என்று இருந்தது, தேவைப்பட்டால் லேப்பராட்டமி என்றும் இருந்தது. பார்ப்பது, சின்னத் துளை வழியாகச் சிகிச்சை செய்வது, வேண்டுமானால் திறப்பது, அவ்வளவுதான். எக்டமி என்ற வால் அதில் எங்கேயும் இல்லை. அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, கர்ப்பப்பை, ரெண்டு சினைப்பை, ரெண்டு கருக்குழாய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெண் வழக்குப் போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையத்தில் தள்ளுபடி ஆனது. விடாமல் உச்ச நீதிமன்றம் போனார். 2008 ஜனவரி 16-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பார்ப்பதற்குக் கொடுத்த சம்மதம், எடுப்பதற்குக் கொடுத்த சம்மதம் ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. உயிருக்கே ஆபத்து, காத்திருக்க முடியாது என்ற நிலை இருந்தால் வேறு கதை. அப்படி இல்லாதபோது, நோயாளி மயக்கம் தெளிந்து எழுந்ததும் அவரிடமே கேட்டிருக்க வேண்டும். விவரம் தெரிந்த, வயது வந்த பெண்ணுக்காக அம்மா கையெழுத்துப் போட்டால் செல்லாது. இழப்பீடு 25,000 ரூபாய்தான். ஆனால் சம்மதம் பற்றி இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு அது.

இதில் நமக்கு ஒரு விஷயம். நம்ம பக்கம் அம்மா மட்டுமா கையெழுத்துப் போடுகிறார்? வீட்டுக்காரர், மாமனார், மச்சான் எல்லாரும் போடுகிறார்கள். படுத்திருப்பவரைத் தவிர எல்லாரிடமும் பேப்பர் போகிறது.

அந்த ஆபரேஷனை ஆஸ்பத்திரியில் எப்படி எழுதுவார்கள் தெரியுமா? ஹிஸ்டரெக்டமி, அதோடு பைலேட்டரல் சால்பிங்கோ ஊஃபரெக்டமி. பயப்படாதீங்க, பிரிச்சிடலாம். பைலேட்டரல், பை-லேட்-ட-ரல்: ரெண்டு பக்கமும். சால்பிங்கோ, சால்-பிங்-கோ: கருக்குழாய். கிரேக்கத்தில் அந்த வார்த்தைக்கு ஊதுகுழல் என்று அர்த்தம். நாயனம் மாதிரி ஒரு பக்கம் வாய் அகன்று இருப்பதால் அந்தப் பெயர். ஊஃபரெக்டமி: சினைப்பையை எடுப்பது. டாக்டர்கள் சிலர் ஓ-அ-ஃப-ரெக்-ட-மி என்று ஆறு தட்டாகச் சொல்வார்கள், சிலர் ஊஃபரெக்டமி என்பார்கள். தலை எப்படி இருந்தாலும் ரெக் ரெக்தான்.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும், பிள்ளை பிறக்காது. சினைப்பையையும் சேர்த்து எடுத்தால், 50 வயதில் மெல்ல மெல்ல வர வேண்டிய மாற்றமெல்லாம் ஒரே நாளில் வந்து நிற்கும். உடம்பெல்லாம் தீயாகக் காந்தும், தூக்கம் கெடும், நாளாக நாளாக எலும்பு பலம் குறையும். 32 வயதில் களையெடுக்கப் போகிற பெண்ணுக்கு அது சின்ன விஷயமா? கு.க. ஆபரேஷனில் இது எதுவும் கிடையாது. கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் அப்படியே இருக்கும், மாதவிலக்கும் வரும். "ரெண்டும் ஒரே ஆபரேஷன்தானே" என்று இன்னமும் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வால் ஒன்று, தலை வேறு.

கர்ப்பப்பை ஆபரேஷனே கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. புற்றுநோய் என்றாலோ, மருந்தில் நிற்காத உதிரப்போக்கு என்றாலோ, அடி இறங்கித் தாங்க முடியாத நிலை என்றாலோ எடுக்கத்தான் வேண்டியிருக்கும். வேண்டாத இடத்தில் எடுப்பதுதான் பிரச்சனை. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்களில் நிறையப் பேருக்குச் சின்ன வயதிலேயே கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது 2019-ல் செய்தியாக வந்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் எடுக்கிறார்கள் என்று 2013-ல் ஒரு பொதுநல வழக்குப் போடப்பட்டது. 2023 ஏப்ரல் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிமுறைகளை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

வேண்டாத ஆபரேஷனுக்கு முதல் படி பெரும்பாலும் ஒரு வார்த்தையைக் காட்டிப் பயமுறுத்துவதுதான். வெள்ளைப்படுகிறது என்று போகிற பெண்ணின் சீட்டில் செர்விசைட்டிஸ் என்று எழுதியிருக்கும். செர்-வி-சை-டிஸ். "விட்டா கேன்சர் ஆயிடும், எடுத்துடலாம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஐட்டிஸ் என்ற வாலுக்கு வீக்கம், அழற்சி என்றுதான் அர்த்தம். கேஸ்ட்ரைட்டிஸ் இரைப்பையில், ஆர்த்ரைட்டிஸ் மூட்டில், ஹெபடைட்டிஸ் ஈரலில், செர்விசைட்டிஸ் கர்ப்பப்பை வாயில். கேஸ்ட்ரைட்டிஸ் வந்தது என்று யாராவது இரைப்பையை எடுத்துவிட்டு வந்திருக்கிறோமா? மருந்து மாத்திரைதானே சாப்பிட்டோம்? (இந்த வார்த்தைகளில் அழுத்தம் கடைசிக்கு முந்தின தட்டில் விழும்: செர்-வி-சை-டிஸ், ஆர்த்-ரை-டிஸ். மூணாவது தட்டுக் கணக்கு இதற்குப் பொருந்தாது.) ஓமா என்ற வால் வந்தால் கட்டி. ஓமா எல்லாமே கேன்சர் இல்லை. மையோமா என்பது கர்ப்பப்பையில் வருகிற தசைக்கட்டி, ஃபைப்ராய்டு என்று சொல்வார்களே, அது. அது கேன்சர் இல்லை. லைப்போமா வெறும் கொழுப்புக்கட்டி. கார்சினோமா என்று இருந்தால் அது கேன்சர், கார்-சி-நோ-மா. சந்தேகம் இருந்தால் பயாப்சி என்று சின்னத் துண்டு சதை எடுத்துப் பரிசோதித்துப் பார்ப்பார்கள். பஸ்ஸுக்கு வருகிற 'ப'வைப் போட்டு, பை-ஆப்-சி. "பயாப்சி பார்த்தாச்சா?" என்று கேட்கிற பெண்ணை யாரும் லேசில் பயமுறுத்த முடியாது.

ஆண்கள் விஷயத்தில் இப்போது அதிகம் அடிபடுவது ஆஞ்சியோ. "வீட்டுக்காரருக்கு ஆஞ்சியோ பண்ணணுமாம்" என்று வந்து கடன் கேட்பார்கள். ஆஞ்சியோ என்றால் ரத்தக்குழாய், அது வெறும் தலைதான். வாலைக் கேளுங்க. கிராம் என்றால் படம் எடுத்துப் பார்ப்பது. பிளாஸ்டி என்றால் அடைப்பைத் திறந்து சரி பண்ணுவது. செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வால் தெரியாமல் குழுவும் கடன் தொகையைத் தீர்மானிக்க முடியாது.

இனி தலையிலேயே ஏமாற்றுகிற ரெண்டு வார்த்தை. ஹைப்பர், ஹைப்போ. ஹைப்பர் என்றால் அதிகம். ஹைப்போ என்றால் குறைவு. ஹைப்பர்தைராய்டு, ஹைப்போதைராய்டு ரெண்டுக்கும் எதிர் எதிர் மருந்து. ரெண்டாவது தட்டில் 'பர்'ரா 'போ'வா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போனில் பேசும்போது 'ர்' காதில் விழாது. அதனால் நாங்கள் சொல்வது, வார்த்தையோடு தமிழையும் சேர்த்துச் சொல்லுங்க: "ஹைப்போங்க, கம்மியா இருக்குங்க." சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வேலைக்குப் போய் மயங்கி விழுவது ஹைப்போகிளைசீமியா, ஹைப்-போ-கிளை-சீ-மி-யா. சர்க்கரை குறைந்தது. அப்போது நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கணும். அதை "சுகர் ஏறிடுச்சு" என்று மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்க. இன்னொன்று, சீட்டில் ஹைப்பர்டென்ஷன் என்று இருந்தால், "எனக்கு ஒரு டென்ஷனும் இல்லையே" என்று பி.பி. மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த டென்ஷன் மனசு டென்ஷன் இல்லை. ரத்தம் குழாயில் ஓடும்போது கொடுக்கிற அழுத்தம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது வீடு வீடாகப் போன தன்னார்வலர்கள் நம்ம குழுப் பெண்கள்தான். டென்ஷன் இல்லை என்று மாத்திரை வாங்க மறுத்தவர்களைப் பற்றி அவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

உச்சரிப்பு சரியில்லை என்று சிரிப்பார்களோ என்று சிலருக்குக் கூச்சம். ஸ்கேனை இஸ்கேன் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போங்க, எந்த டாக்டருக்கும் புரியும். நுனி நாக்கு இங்கிலீஷ் யாருக்கும் வேண்டாம். பர், போ மாறக் கூடாது, ஆஸ், ஆட், எக் மாறக் கூடாது. மற்றது எப்படி இருந்தாலும் பரவாயில்லை. வார்த்தை புரியவில்லை என்றால், "டாக்டரம்மா, கொஞ்சம் பிரிச்சுச் சொல்லுங்க, பெரிய எழுத்துல எழுதிக் கொடுங்க" என்று கேளுங்க. மருந்துப் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலே 2016-ல் விதியில் சேர்த்திருக்கிறது. நாம் கேட்பது சலுகை இல்லை. சம்மதப் படிவம் கைக்கு வந்தால் முதலில் எக்டமி இருக்கிறதா என்று தேடுங்க. இருந்தால், "இதுல எதை எடுக்கப் போறீங்க? சினைப்பையும் சேர்த்தா? எடுக்காம மருந்துல பார்க்க முடியாதா?" என்று மூணு கேள்வி. டாக்டரம்மா அவசரத்தில் இருந்தால் சிஸ்டரைக் கேளுங்க. படிக்கத் தெரியாதவர்கள் பத்தாவது படிக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்க. பிள்ளை எழுத்துக் கூட்டட்டும், நீங்க தட்டுங்க.

இந்த மாதத்திலிருந்து ஒரு ஏற்பாடு. தீர்மானப் புத்தகத்தில் ஆபரேஷன் செலவு என்று எழுதுகிற இடத்தில் ஆபரேஷனின் பெயரையும் தமிழ் எழுத்திலேயே எழுதச் சொல்லி, ஊக்குநர்கள் கடன் கேட்பவரிடம் சீட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் கடனை நிறுத்த வேண்டாம், கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். பெயரை வெளியே சொல்ல விரும்பாதவர்கள் ஊக்குநரிடம் மட்டும் சொன்னால் போதும், புத்தகத்தில் எழுத வேண்டியதில்லை. ஒருவரின் நோயை இன்னொருவர் கூட்டத்தில் பேசக் கூடாது. அடுத்த கூட்டத்துக்கு வீட்டில் இருக்கிற பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எதுவானாலும் எடுத்துக்கொண்டு வாங்க. பெயர் இருக்கிற பக்கத்தை மடித்து ஊசி குத்திவிடுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவையும் அழைக்கிறோம், உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம்.